அம்மாவின் பின்னல் ஊசி, அப்பாவின் உளி, ஒரு ஆறு பென்ஸ் காசு

இன்று ஒரு கிடாரைப் பிரித்துப் போட்டுப் பார்க்கப்போகிறோம். பயம் வேண்டாம், ஒரு திருகாணிகூடத் தொலையாது. தன் கிடாரின் உள்ளேயிருப்பதைக் காட்டுவதென்றால் இதன் சொந்தக்காரருக்கே கொள்ளை ஆசை. 2014-ல் சைமன் பிராட்லியோடு சேர்ந்து அதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே போட்டுவிட்டார். பாகம் பாகமாகக் கழற்றிவைத்து எடுத்த படங்கள், அது போதாதென்று எக்ஸ்ரே வேறு. கிடாருக்கு எக்ஸ்ரே எடுத்த இந்த மனிதரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குவீன் குழுவின் கிடார்க்காரர் பிரையன் மே. விளையாட்டு மைதானங்களில் இரண்டு மிதி, ஒரு கைதட்டு என்று கூட்டம் முழுக்கக் கிளம்புகிறதே, அந்த ‘வீ வில் ராக் யூ’வை எழுதியவர். வெள்ளைச் சுருட்டை முடி தோளில் புரள, மேடை ஓரத்தில் ஏதோ கல்லூரிப் பேராசிரியர் வழிதவறி வந்ததுபோல நிற்பாரே, அவரேதான்.

கையில் இருப்பது ரெட் ஸ்பெஷல். அறுபது வருஷமாக அதே கிடார். உலகத்தில் எந்தக் கம்பெனியும் கிடார் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒருவர், பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து வீட்டில் செய்ததை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

முதலில் கழுத்து. நல்ல தடிமனான மஹோகனி. இது எந்த மரக்கடையிலும் வாங்கியதில்லை. குடும்ப நண்பர் ஒருவர் வீட்டில் கழற்றிப்போட்ட கணப்படுப்பின் மேல்சட்டம், நூறு வருஷத்துக்கு மேல் பழசு. வண்டு துளைத்த ஓட்டைகள் அங்கங்கே இருந்தன. பையன் என்ன செய்தான் தெரியுமா? தீக்குச்சியைச் செருகி அடைத்தான். பேனாக்கத்தியால் சீவிச் சீவிக் கழுத்தை உருட்டினான். ‘போஹீமியன் ராப்சடி’யில் நடுவே கிடார் எழும்பி உயிரை உருக்கும் அந்த இடத்தில், மேயின் இடதுகை ஓடுவது தீக்குச்சி அடைத்த கணப்படுப்புக் கட்டையின் மேல். இதைப் படித்ததிலிருந்து அந்தப் பாட்டை என்னால் ஒழுங்காகக் கேட்க முடியவில்லை, சிரிப்பு வந்துவிடுகிறது.

கழுத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருக்கின்றன, விரலுக்கு அடையாளம் காட்ட. எல்லாம் முத்துச்சிப்பிப் பட்டன்கள், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்துத் தேய்த்துப் பதித்தவை. ஏழாவது கட்டத்தில் இரண்டு, பன்னிரண்டாவதில் மூன்று என்று மேலே போகப் போகப் பத்தொன்பதிலும் இருபத்திநாலிலும் அதே கணக்கு. அம்மா ரூத் எத்தனை நாள் பட்டனைத் தேடியிருப்பாரோ.

உடம்புக்கு வருவோம். நடுவில் இருப்பது ஒரு பழைய மேஜையின் ஓக் மரம். சுற்றிலும் பிளாக்போர்டு, மேலே மஹோகனி வெனீர். ஓரத்தில் அழகாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும், அலமாரித் தட்டுக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் பட்டை அது. பார்த்தால் கெட்டியாகத் தெரியும், ஆனால் உள்ளே வேண்டுமென்றே வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பும் சத்தம் கிடாரின் உடம்பைத் தாக்கி, கம்பியை மறுபடி அதிரவைத்து, அந்த அதிர்வு திரும்ப ஒலிபெருக்கிக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி வளரும். நம் ஊர் மைக்செட்காரர்கள் கேட்டால் ஓடிப்போய் அணைக்கிற ஊளை அதுதான். அதை அடக்கி ஆளவேண்டும், சுருதியோடு பாடவைக்கவேண்டும் என்று பதினாறு வயதில் திட்டம் போட்டுத்தான் மரத்தைக் குடைந்தான் அந்தப் பையன். கிடாரே இல்லாத பையனுக்கு இருந்த தைரியத்தைப் பாருங்கள்.

கிடாரே இல்லை என்று சொல்வது சரியில்லை, ஒன்று இருந்தது. 1947 ஜூலை 19-ல் பிறந்த பிரையன், லண்டனின் மேற்கு ஓரத்தில் ஃபெல்தமில் வளர்ந்த ஒரே பிள்ளை. அப்பா ஹெரால்ட் உகுலேலே-பாஞ்சோ வாசிப்பார். ஜார்ஜ் ஃபார்ம்பி என்று ஒரு நகைச்சுவைப் பாடகர் அதை இங்கிலாந்து முழுக்கப் பிரபலமாக்கியிருந்த காலம். மகனுக்கு முதல் சுரங்களைக் கற்றுக்கொடுத்தது அந்தக் குட்டி வாத்தியம்தான். ஏழாவது பிறந்தநாளுக்கு எக்மண்ட் கம்பெனியின் மலிவான சாதாக் கிடார் ஒன்று வந்தது. பிள்ளை சும்மா இருந்தானா? சின்னக் காந்தங்களில் செம்புக் கம்பியைச் சுற்றி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பை அதற்குத் தானே செய்து, அப்பாவின் ரேடியோவில் இணைத்து அலறவிட்டான்.

இரவானால் இன்னொரு வேலை. அப்பாவோடு சேர்ந்து செய்த கிறிஸ்டல் ரேடியோவைப் போர்வைக்குள் கொண்டுபோய், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ரேடியோ லக்ஸம்பர்க் கேட்பது. கிறிஸ்டல் ரேடியோவுக்கு பேட்டரிகூட வேண்டாம், வானொலி அலையே அதற்குச் சோறு. நம் வீடுகளில் ஒரு தலைமுறையே இலங்கை வானொலியில் காதைப் பதித்து வளர்ந்ததே, அங்கே அந்த வேலையை லக்ஸம்பர்க் செய்தது. அரசாங்க வானொலி ஒழுக்கமாகப் பாட்டுப் போட, அந்தக் குட்டி நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்த அலைவரிசையில் ராக் அண்ட் ரோல் கொட்டியது. லானி டோனகன், பட்டி ஹாலியும் கிரிக்கெட்ஸும், எவர்லி சகோதரர்கள். பிறகு ஷேடோஸ் குழு, அதில் ஹாங்க் மார்வினின் கண்ணாடித் துண்டுபோல் மின்னும் கிடார்.

கூடப் படித்த பையன்கள் எல்லோரும் கேட்டதுதான் இதெல்லாம். ஆனால் பிரையனின் காது வேறு இடத்தில் நின்றது. முன்னால் பாடுகிறவரை விட்டுவிட்டுப் பின்னால் ‘ஊ’ என்று இழுக்கிறார்களே, அவர்கள் எந்தச் சுரத்தில் நிற்கிறார்கள், ஒரு குரல் மேலே போகும்போது இன்னொன்று ஏன் கீழே இறங்குகிறது, சேரும்போது ஏன் சிலிர்க்கிறது? இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் அவனுக்கு விளையாட்டு. குவீன் பாட்டுகளில் நாம் வாய்பிளந்து கேட்கும் அந்தப் பத்துக் கிடார் கூட்டுச் சேர்ந்திசைக்கு விதை அந்தப் போர்வைக்குள்தான் விழுந்தது என்பது என் முடிவு. மேயும் பேட்டிகளில் அங்கேயேதான் போய் நிற்கிறார்.

இதோ வந்துவிட்டோம், எனக்கு ரொம்பப் பிடித்த பாகத்துக்கு. டிரெமலோ. கிடாரில் ஒரு கைப்பிடி இருக்கும், அதை அமுக்கினால் கம்பிகள் தளர்ந்து சத்தம் கீழே வழுக்கும், விட்டால் திரும்ப ஏறும். விட்டபின் சரியாகப் பழைய சுருதிக்கே திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிக் கிடார்களே இதில் சொதப்பின. உராய்வுதான் வில்லன் என்று அப்பாவும் மகனும் கண்டுபிடித்தார்கள். ஹெரால்ட் விமானத் துறை அமைச்சகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவர், வீட்டு டி.வி.யையே சொந்தமாகச் செய்தவர், இதெல்லாம் அவருக்கு அல்வா. கம்பிகளைத் தாங்கும் தகட்டை உறுதியாக்கிய எஃகுக் கத்திமுனை ஒன்றின் மேல் உட்காரவைத்தார்கள், தராசு உட்காருமே அப்படி. ஒருபக்கம் ஆறு கம்பிகள் இழுக்க, மறுபக்கம் ஈடுகொடுத்து இழுக்க இரண்டு ஸ்பிரிங். 1928-ஆம் வருஷத்து பேன்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் அவை! கம்பி தேயாமல் ஓடப் பாலத்தில் சின்ன உருளைகள், ஒவ்வொன்றும் கையால் கடைந்தது. அமுக்குகிற கைப்பிடி, சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் பை மாட்டும் கம்பி. அதன் நுனியில் விரலுக்கு இதமாக ஒரு மொட்டு, அம்மாவின் பின்னல் ஊசியின் முனையை வெட்டி ஒட்டியது.

மோட்டார் சைக்கிள், சைக்கிள், ஸ்வெட்டர் மூன்றும் சேர்ந்து ஒரு டிரெமலோ. சத்தியமாக வேலை செய்கிறது, அறுபது வருஷமாக.

1963 ஆகஸ்டில் ஆரம்பித்தது, முடிக்க இரண்டு வருஷம் பிடித்தது. வீட்டிலேயே ஒரு படுக்கையறை பட்டறையாக மாறியது, எல்லாம் கைக்கருவி. ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் வாங்க வசதியில்லாமல் இறங்கிய வேலை, மொத்தமாக 8 பவுண்டு அளவில் முடிந்தது என்பது குடும்பக் கணக்கு. ஒரே ஒரு இடத்தில்தான் கைவேலை தோற்றது. பிரையன் சுற்றிய பிக்அப்புகள் நன்றாகத்தான் பாடின, ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வளைத்தால் ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல். காந்த முனைகள் அமைந்திருந்த விதம் அப்படி. இழுத்து வளைக்காமல் இவருக்கு வாசிக்கவே வராதே! பர்ன்ஸ் கம்பெனியின் டிரை-சோனிக் பிக்அப் மூன்றை வாங்கி மாட்டினார். அவற்றையும் சும்மா விடவில்லை. உள்ளே அரால்டைட்டை ஊற்றி இறுக்கினார், கீச்சொலி வராமலிருக்க. ஆமாம், நம் வீட்டில் உடைந்த கோப்பைக் கைப்பிடியை ஒட்டுகிற அதே அரால்டைட்.

ஒவ்வொரு பிக்அப்புக்கும் இரண்டு குட்டி ஸ்விட்ச். ஒன்று அணைக்க, ஏற்ற. மற்றொன்று அலையைத் தலைகீழாகத் திருப்ப. ஒரு பிக்அப்பின் அலை மேலே ஏறும்போது அடுத்ததன் அலை கீழே இறங்கினால், பொதுவான பகுதி ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது மூக்கால் பாடுவதுபோன்ற, ஊசியாகக் குத்தும் ஒரு குரல். இப்படி மாற்றி மாற்றிப் போட்டு ஒரே கிடாரில் பல ஆட்களைப் பேசவைக்கலாம். இயற்பியல் படிக்கப்போகிற பையன் என்று அப்போதே தெரிகிறதல்லவா.

வாசிப்பதற்கு எல்லோரும் பிளாஸ்டிக் பிளெக்ட்ரம் வைத்துக்கொள்வார்கள். மே ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பார். பிளாஸ்டிக் வளையும், காசு வளையாது. வளையாததால் கம்பி தருகிற எதிர்ப்பு நேராக விரலுக்கு வந்துவிடும். ஓரத்தில் உள்ள வரிகளைக் கம்பியில் சாய்த்துப் பிடித்தால் ஒரு கரகரப்பு, எழுத்து எழுத்தாக உச்சரிப்பதுபோலக் கேட்கும். அரசாங்கம் அந்தக் காசையே செல்லாததாக்கிவிட்டது, இவர் விடவில்லை. 1993-ல் இவருடைய கச்சேரிப் பயணத்துக்காக ராயல் மின்ட், இவர் தலையைப் பொறித்து ஆறு பென்ஸ் அடித்துக் கொடுத்தது. ராணிக்கு அடுத்தபடி காசில் தலை வந்த கிடார்க்காரர்!

கிடார் ஆயிற்று, சத்தம் எங்கிருந்து வந்தது? திருட்டுத்தனமாகத்தான். லண்டன் மார்க்கீ கிளப்பில் டேஸ்ட் குழுவின் கச்சேரி. அயர்லாந்துக்காரர் ரோரி கேலகரின் கிடார் சத்தத்தில் சொக்கிப்போன மே, எல்லோரும் போனபிறகும் நண்பனோடு உள்ளேயே ஒளிந்துகொண்டார். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த கேலகரிடம் போய் நேராகவே கேட்டார், இந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று. வேறு ஆளாக இருந்தால் விரட்டியிருப்பார். கேலகர் தங்கமான மனுஷன். வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபையர், அதற்கு முன்னால் மேல்சுரங்களைத் தூக்கிவிடுகிற ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான் என்று காட்டிக் கொடுத்தார். மே போய் ஏசி30 வாங்கினார். இன்றுவரை மேடையில் இவருக்குப் பின்னால் வரிசையாக நிற்பவை அவையே. தொழில் ரகசியத்தை முன்பின் தெரியாத ஒருவருக்கு அப்படியே தூக்கிக் கொடுக்கிற மனசு எத்தனை வித்துவான்களுக்கு இருக்கும்?

ஹெண்ட்ரிக்ஸ் கதையும் ஒன்று உண்டு. மேயின் பள்ளிக்காலக் குழுவுக்கு 1984 என்று பெயர், ஆர்வெல் நாவலின் பாதிப்பு. 1967 மே மாதம் இம்பீரியல் கல்லூரியில் கிடார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த அன்று, அவருக்கு முன்னால் மேடையேறிய குழுக்களில் இவர்களும் இருந்தார்கள். ஹெண்ட்ரிக்ஸுக்கு முன்னால் கிடார் வாசித்துவிட்டு, அப்புறம் அவர் வாசிப்பதையும் நின்று கேட்க வேண்டும். அந்த வயிற்றுக் கலக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அடுத்த சமாசாரமே குப்பைத் தொட்டி. குவீனின் பேஸ் கிடார்க்காரர் ஜான் டீக்கன் மின்னணுவியல் படித்தவர். 1972 வாக்கில் தெருவோரக் குப்பையில் ஒரு சர்க்யூட் போர்டு கிடப்பதைப் பார்த்து எடுத்துவந்தார். அதை ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் இணைத்தார். கூட்டக் குறைக்க ஒரு குமிழ்கூடக் கிடையாது. ஆனால் ரெட் ஸ்பெஷலை அதில் செருகியதும் வயலினா, கிளாரினெட்டா என்று குழம்பும்படி ஒரு சத்தம் வந்தது. ‘டீக்கி ஆம்ப்’ என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள்.

1975-ல் வந்த ‘எ நைட் அட் தி ஓபெரா’ தொகுப்பில் ‘குட் கம்பெனி’ என்று ஒரு பாட்டு இருக்கிறது, தயவுசெய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். டிரம்பெட், டிரோம்போன், கிளாரினெட் என்று ஒரு பழைய ஜாஸ் கோஷ்டியே ஊர்வலம் போகும். ஒரு ஊதுகுழல்கூட அங்கே இல்லை! அத்தனையும் மேயின் கிடார், டீக்கி ஆம்ப், கால் பெடல் ஒன்றிரண்டு. டிரோம்போன் எப்படி மூச்சு வாங்கும், எப்படிச் சறுக்கும் என்று கவனித்து, ஒவ்வொரு வாத்தியமாகப் பதிவுசெய்து அடுக்கியிருக்கிறார். தூண்டுதல் டெம்பரன்ஸ் செவன் என்ற ஆங்கில ஜாஸ் கோஷ்டி, பையனாக இருந்தபோது பிடித்துப்போனது. பாட்டின் அடியில் டிங் டிங் என்று கேட்பது உகுலேலே. அதற்கு முந்தைய வருஷத் தொகுப்பின் உறையிலோ, மே வாசித்த வாத்தியங்களின் பட்டியலில் ‘அசல் ஜார்ஜ் ஃபார்ம்பி உகுலேலே-பாஞ்சோ’ என்று குறும்பாக அச்சிட்டிருந்தார்கள். ஃபெல்தம் வீட்டுக் கூடம் அப்படியே ராக் இசைத்தட்டுக்குள் வந்துவிட்டது.

இந்தக் கதையில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. கிடாரை மகனோடு சேர்ந்து இழைத்து இழைத்துச் செய்த அதே ஹெரால்டுக்கு, மகன் அதை வைத்துப் பிழைக்கப்போகிறான் என்றதும் தாங்கவில்லை. இம்பீரியலில் இயற்பியல் பட்டம். அதன்பின் சூரியக் குடும்பத்தில் மிதக்கும் தூசியைப் பற்றி ஆராய்ச்சி, டெனரிஃபே தீவின் மலைமேல் போய் இரவு வானத்தை அளந்தவர், 1972-ல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரைக்குப் பெயர் வந்துவிட்டது. அதையெல்லாம் முடிக்காமல் பாதியில் விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போகிறான் என்றால்? நம் ஊர் அப்பாக்கள் என்ன பண்ணுவார்களோ அதையேதான் ஹெரால்டும் செய்தார். வெகுநாள் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குவீன் கச்சேரி, அம்மாவையும் அப்பாவையும் மகன் வரவழைத்தார். அத்தனை ஆயிரம் பேர் அலறுவதை நேரில் பார்த்தபிறகு, இப்போது புரிகிறது என்று கையைக் குலுக்கினார் அப்பா. அந்த அலறலில் பாதிக்கு அவர்தான் காரணம் என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா தெரியாது. கத்திமுனை டிரெமலோ அவர் இல்லாமல் வந்திருக்குமா?

தூசி ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்கிறீர்களா? முப்பது வருஷத்துக்குமேல் தூங்கிய குறிப்பேடுகளைத் தட்டி எடுத்து, 2007-ல் இம்பீரியலிலேயே முனைவர் பட்டம் வாங்கிவிட்டார். 2023-ல் ‘சர்’ பட்டம். இடையில், 2002 ஜூன் 3 அன்று, எலிசபெத் ராணியின் பொன்விழாக் கச்சேரியைத் தொடங்கிவைக்க பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் ஏறி நின்று பிரிட்டனின் தேசியகீதத்தை வாசித்தார். கையில் அந்தக் கணப்படுப்புக் கிடார். கீழே அரச குடும்பம், மேலே காற்றில் முடி பறக்க மேஜைப் பலகை வாசிக்கிற வானியல்காரர்!

2024 செப்டம்பரில் ஒரு செய்தி வந்து எல்லோரையும் பயமுறுத்தியது. லேசான பக்கவாதம், இடதுகை சிறிது நேரம் சொன்னபடி கேட்கவில்லை என்று அவரே வீடியோவில் வந்து சொன்னார். கிடார்க்காரருக்கு இடதுகை! ஆனால் வாசிக்க முடிகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். அடுத்த ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் பென்சன் பூன் என்ற இளைஞர் ‘போஹீமியன் ராப்சடி’ பாட, கிடார் வாசிக்க வந்து நின்றார் 77 வயது மே. அரண்மனைக் கூரைக் கச்சேரி நடந்த அன்று இந்த பூன் பிறக்கவே இல்லை, அதே மாதக் கடைசியில்தான் பிறந்தார். கீழே இருந்த சின்னப் பிள்ளைகளில் பலருக்கு இந்தத் தாத்தா யாரென்று தெரியவில்லை, கூட்டம் போதிய அளவு கத்தவில்லை என்று பூனுக்கே அப்புறம் ஆதங்கம். எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபமில்லை. வீட்டுக்குப் போய்ப் பெயரைத் தேடியிருப்பார்கள். முதலில் ராக் பாட்டு வந்ததா, விண்வெளித் தூசி வந்ததா, இல்லை இவர் காப்பாற்றுகிறேன் என்று கொடிபிடிக்கும் பேட்ஜர் பிராணிகள் வந்தனவா, யார் கண்டது!